அக்காவின் கடன் கட்டக் கட்ட ஏன் குறையவில்லை?

பீனிக்ஸ்வாசி (டர்பன்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸில் வசிக்கிறேன். குடும்ப விஷயத்தைப் பொதுவில் எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். "எழுது, என்னைப் போல் இன்னும் எத்தனை பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்களோ" என்று அக்காவே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அக்கா ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் வேலை செய்கிறார். பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம் 9,400 ராண்ட். 2023 மே மாதம் அத்தான் காலமானார். அடக்கச் செலவுக்கும் 16ஆம் நாள் காரியத்துக்குமாக ஜூன் மாதத்தில் ஒரு கடன் நிறுவனத்திடம் 8,000 ராண்ட் வாங்கினார். 24 மாதத் தவணை. ஒன்பது தவணை ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறார். அப்போது அதே நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, நீங்கள் நாணயமான வாடிக்கையாளர், மேலும் 5,000 தருகிறோம் என்றார்கள். வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்த நேரம் என்பதால் அக்கா சரி என்று சொல்லிவிட்டார். சம்பளச் சீட்டுகூடக் கேட்கவில்லை; பத்து நிமிடத்தில் பணம் கணக்கில் விழுந்தது. இப்போது அது 36 மாதக் கடன். இதற்குமேல் துணிக்கடைக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. மாதக் கடைசியில் மளிகைக்கு இல்லாதபோது, அடுத்த தெருவில் வட்டிக்கு விடும் மஷோனிசா ஒருவரிடம் 600 ராண்ட் வாங்கியிருக்கிறார். அந்த ஆள் அக்காவின் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டிருப்பது சென்ற மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

சம்பளம் விழும் 25ஆம் தேதி இரவு நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில் அவருடைய கைபேசி முதலில் ஒரு முறை ஒலித்தது; அது சம்பளம். அதன் பின் மூச்சு விடுவதற்குள் ஐந்து முறை ஒலித்தது. ஐந்தும் டெபிட் ஆர்டர், அதாவது கடன்காரர்கள் வங்கிக் கணக்கிலிருந்து தாமாகவே பணம் எடுத்துக்கொள்ள நாம் கொடுத்திருக்கும் அனுமதி. அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கைபேசியைத் தொடவே இல்லை. "ஐந்து சத்தம் கேட்டால் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம், எடுத்துப் பார்க்க என்ன இருக்கிறது" என்றார்.

எனக்கு இரண்டு கேள்விகள். ஒழுங்காகக் கட்டியும் கடன் குறையாததற்குக் காரணம் என்ன? இரண்டாவது, கோயிலில் ஒருவர் சொன்னது: வங்கிகள் தங்களிடம் இல்லாத பணத்தைத்தான் கடனாகக் கொடுக்கின்றன, அதற்குரிய வட்டிப் பணம் உலகத்திலேயே கிடையாது, ஆகவே யாராவது கடனில் மூழ்கித்தான் ஆகவேண்டும் என்றார். இது உண்மையா? உண்மை என்றால் அக்காவைப் போன்றவர்கள் மீளவே முடியாதா?

சாட்ஸ்வர்த் ஓய்வூதியர் எழுதியது:

தம்பி, நான் வங்கியின் கடன் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவன். உங்கள் அக்காவின் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் நீங்கள் கொடுத்த விவரங்களை, சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவுகளோடு வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொறுமையாகப் படியுங்கள், நோய் எங்கே இருக்கிறது என்பது இந்தக் கணக்கில்தான் தெரியும்.

ஈடு இல்லாத கடனுக்கு, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளிடம் வாங்கும் வட்டியான ரெப்போ விகிதத்துக்கு மேல் 21 சதவீதம் வரை வட்டி வாங்கலாம் என்பது 2016இல் வந்த விதி. 2021 நவம்பரில் 3.5 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கிய ரெப்போ, 2023 மே மாதத்தில் 8.25ஐத் தொட்டது. ஆக அக்கா கடன் வாங்கிய ஜூன் மாதத்தில் உச்ச வட்டி ஆண்டுக்கு 29.25 சதவீதம். இதோடு தொடக்கக் கட்டணம் என்று ஒன்று உண்டு: 165 ராண்ட், அதற்குமேல் 1,000ஐத் தாண்டிய தொகையில் பத்தில் ஒரு பங்கு. 8,000 ராண்ட் கடனுக்கு அது 865 ஆகிறது. பெரும்பாலோர் அதைக் கையிலிருந்து கட்டுவதில்லை, கடனோடு சேர்த்துவிடுவார்கள். ஆகவே அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனது 8,000, ஆனால் முதல் நாளிலேயே வட்டி ஓடத் தொடங்கியது 8,865க்கு. மாதச் சேவைக் கட்டணம் 60 ராண்ட் வரை. கடன் காப்பீடு ஆயிரத்துக்கு 4.50 வீதம் மாதம் சுமார் 40 ராண்ட். வாட் வரியை நான் சேர்க்கவே இல்லை.

இப்படிப் போட்டால் மாதத் தவணை சுமார் 592 ராண்ட் வருகிறது. 24 மாதத்தில் கட்டுவது 14,200 சொச்சம். இதில் வட்டி சுமார் 2,950 ராண்ட்தான். தொடக்கக் கட்டணம், சேவைக் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டினால் 3,260! வட்டியைவிட வட்டியல்லாத செலவு அதிகம். நம்மவர்கள் கடன் வாங்கப் போனால் "வட்டி எத்தனை" என்று மட்டும் கேட்கிறார்கள். சின்னக் கடன்களில் கழுத்தை அறுப்பது பெரும்பாலும் வட்டி என்ற பெயரே இல்லாத தொகைகள்தாம். கடன் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு இந்த நிலைக்கட்டணங்களின் பாரம் கூடும். ஏழைக்குத்தான் பணம் விலை அதிகம் என்று நான் பதவியில் இருந்தபோதே பலமுறை மனம் நொந்திருக்கிறேன்.

இனி ஒன்பதாவது மாதத்துக்கு வருவோம். அக்கா அதுவரை 5,300 ராண்டுக்கு மேல் கட்டியிருப்பார். அசல் 8,865இலிருந்து 6,120 அளவுக்குத்தான் இறங்கியிருக்கும். அந்த இடத்தில்தான் தொலைபேசி வந்தது. அது தற்செயல் அல்ல. தவணையின் முற்பகுதியில் வட்டியின் பங்கு அதிகம், பிற்பகுதியில் அசலின் பங்கு அதிகம். அசல் வேகமாகக் கரையத் தொடங்கும் நேரத்தில் கடனை மறுபடி எழுதிவிட்டால், வாடிக்கையாளர் திரும்பவும் வட்டி மிகுந்த தொடக்கத்துக்கே வந்துவிடுவார். 6,120ஓடு 5,000 சேர்த்து, புதிய தொடக்கக் கட்டணமாக உச்ச அளவான 1,050ஐயும் ஏற்றியிருந்தால், கடன் 12,170 ஆகியிருக்கும். 36 மாதத்துக்கு நீட்டியதால் தவணை சுமார் 627. அதாவது மாதத்துக்கு 35 ராண்ட்தான் கூடியது போல அக்காவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மொத்தக் கணக்கைப் பாருங்கள்: கையில் வாங்கியது 13,000, கட்டி முடிக்கும்போது கொடுத்திருப்பது ஏறக்குறைய 27,900.

அக்கா செலவாளி என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இறந்த கணவனை அடக்கம் செய்ததும் ஒழுகிய கூரையை அடைத்ததும்தான் அவர் செய்த செலவு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கோயிலில் கேட்டதில் ஒரு பகுதி மெய். வங்கி கடன் கொடுக்கும்போது வேறொருவரின் வைப்புத்தொகையை எடுத்துக் கொடுப்பதில்லை. உங்கள் கணக்கில் ஒரு தொகையை எழுதுகிறது, அந்த எழுத்தே புதிய பணம். இங்கிலாந்து வங்கியே 2014இல் தன் காலாண்டு இதழில் இதைத் தெளிவாக விளக்கி வெளியிட்டது. கடன் கட்டி முடியும்போது அந்தப் பணம் அழிந்துவிடுகிறது. ஆனால் "வட்டிப் பணம் உலகத்திலேயே இல்லை" என்பதை அப்படியே ஏற்க முடியாது. வங்கி வாங்கும் வட்டி பெட்டிக்குள் பூட்டி வைக்கப்படுவதில்லை. ஊழியர் சம்பளமாக, வாடகையாக, பங்குதாரர் ஈவாக மறுபடி வெளியே வருகிறது, அதே ராண்ட் பல கை மாறிப் பல வட்டிகளைக் கட்ட முடியும். ஆகவே யாரோ ஒருவர் மூழ்கியே தீரவேண்டும் என்பது கணித விதி அல்ல. வெளியே வரும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. பங்கு வைத்திருப்பவருக்குப் போகிறது; பள்ளிச் சமையற்கூடத்துக்கு வருவதில்லை. அங்கே சம்பளம் ஏறாமல் விலைவாசி மட்டும் ஏறும்போது, இடைவெளியை அடைக்க மறுபடி கடன்தான் கிடைக்கிறது.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஈடில்லாக் கடன்களை அள்ளிக் கொடுத்த ஆப்பிரிக்கன் வங்கி 2014 ஆகஸ்ட்டில் தடுமாறியபோது, ரிசர்வ் வங்கி அதை நிர்வாகப் பொறுப்பின் கீழ் எடுத்துக்கொண்டு, வாராக்கடன்களை 700 கோடி ராண்டுக்கு வாங்கிக்கொண்டது. வங்கி முறை குலையாமல் இருக்க அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கடன்களை வாங்கியிருந்த மக்களின் பாரம் அன்று குறையவில்லை.

லெனேசியா அம்மா எழுதியது:

ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார். நான் வழியைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அந்த வழியில் நடந்து வெளியே வந்தவள். 2017இலிருந்து 2021 வரை, கடன்களைத் திருப்பிக் கட்டப் புதுத் திட்டம் போட்டுத் தரும் கடன் மீளாய்வு என்ற ஏற்பாட்டில் இருந்தேன்.

தம்பி, எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த அட்டை. கடன் கொடுத்தவர் வங்கி அட்டையையோ அடையாளப் புத்தகத்தையோ ரகசிய எண்ணையோ வாங்கி வைத்துக்கொள்வது தேசியக் கடன் சட்டப்படி குற்றம். 2016 நவம்பரிலிருந்து ஒரே ஒருவருக்கு வட்டிக்குக் கொடுப்பவர்கூடப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த ஆளிடம் போய் வாக்குவாதம் செய்யாதீர்கள்; ஒரே பேட்டையில் வாழ வேண்டியவர்கள் நீங்கள். அக்காவை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போய், பழைய அட்டையை முடக்கிவிட்டுப் புதியது வாங்குங்கள். பிறகு, வாங்கிய அசலை மட்டும் நீங்களோ வேறு உறவினரோ சாட்சியோடு கொடுத்து முடித்துவிடுங்கள். மாதத்துக்கு 30 சதவீதம், 50 சதவீதம் என்று வாங்கும் இடத்தில் ஒரு மாதம் தாமதிப்பதுகூடப் பெரிய இழப்பு. மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

அடுத்தது அந்த இரண்டாவது கடன். சம்பளச் சீட்டுக் கேட்காமல் பத்து நிமிடத்தில் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டக்கூடிய வசதி இருக்கிறதா என்று ஆராயாமல் கொடுப்பதைச் சட்டம் பொறுப்பற்ற கடன் என்கிறது. அது நிரூபணமானால் நீதிமன்றம் அந்தக் கடனை முழுவதுமாகவோ ஓரளவோ தள்ளுபடி செய்யலாம். சம்பளக்காரரிடம் சம்பளச் சீட்டையோ மூன்று மாத வங்கிக் கணக்கையோ பார்க்க வேண்டும் என்று 2015 விதிகள் சொல்கின்றன. உங்கள் சம்மதத்தோடு வங்கிக் கணக்கைக் கணினி வழியாகப் பார்த்தோம் என்று அவர்கள் சொல்லக்கூடும். ஆகவே எந்த ஆதாரத்தை வைத்து முடிவெடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் இனிமையாகப் பேசுவார்கள், ஒன்றும் கையில் வராது. பழைய கடனை மாற்றி எழுதும்போது மறுபடி முழுத் தொடக்கக் கட்டணம் வாங்கினார்களா என்பதையும் கேளுங்கள். ஒழுங்குவிதி அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே வாங்கலாம்.

கடன் மீளாய்வுக்குப் போனால் எல்லாக் கடன்களையும் ஒன்றாகச் சேர்த்து, வீட்டுச் செலவுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று கடன் ஆலோசகர் திட்டம் போடுவார். நான் மாதம் ஒரே தொகையைக் கட்டினேன். அதைப் பகிர்ந்தளிக்கும் முகமை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தது. நள்ளிரவில் கைபேசி ஒலிப்பது நின்ற அந்த முதல் மாதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் இது எளிய வழி அல்ல. முடியும்வரை புதுக்கடன் எதுவும் வாங்க முடியாது. என் தையல் இயந்திரம் பழுதானபோது ஏழு மாதம் காசு சேர்த்துத்தான் வேறு வாங்கினேன். இன்னொன்று, நீதிமன்ற நடவடிக்கை தொடங்கிவிட்ட கடனை மீளாய்வுக்குள் கொண்டுவர முடியாது. ஆகவே வழக்குப் போடுமுன் கடன் கொடுத்தவர் 129ஆம் பிரிவின் கீழ் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம் வந்தால் மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். அதற்குப் பத்து வேலை நாட்கள்தான் அவகாசம். நான் முதல் கடிதத்தைப் பயத்தில் பிரிக்கவே இல்லை. அந்த ஒரு கடனை அதனால்தான் தனியாக, அதிகம் கொடுத்து முடிக்க வேண்டியதாயிற்று.

ஆலோசகர் தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். "உங்கள் தவணையைப் பாதியாக்குகிறோம்" என்று அவர்களாகத் தொலைபேசியில் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவரை, அது மீளாய்வு என்றே சொல்லாமல் அதற்குள் சேர்த்துவிட்டார்கள். வெளியே வர அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியர் எழுதியது:

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நம் முன்னோர் வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் ஒன்று எழுத விரும்புகிறேன். பேச்சு விலகிப் போவதாக நினைக்க வேண்டாம். அந்த ஐந்து குறுஞ்செய்திகளைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது மூன்று பவுன் வரி.

1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை வந்தடைந்த நாள் முதல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு முதல் ஆண்டு மாதக்கூலி பத்து ஷில்லிங். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தவர்கள் சொந்தமாகக் காய்கறி பயிரிட்டுப் பிழைக்கத் தொடங்கியபோது, 1895இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் இயற்றியது. அதன் பிறகு வருபவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தக் கூலியாக வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். தொடக்கக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். 1903இல் பதினாறு வயதுப் பையன்களையும் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளையும் அதில் சேர்த்தார்கள். கட்ட முடியாதவர்கள் மறுபடி தோட்டத்துக்கே போனார்கள். வரியின் நோக்கமே அதுதான். கருவூலத்துக்குக் காசு சேர்ப்பது இரண்டாம் பட்சம். 1913 வேலைநிறுத்தத்துக்கும் தில்லையாடி வள்ளியம்மை போன்றோரின் சிறைவாசத்துக்கும் பிறகு, 1914இல் அது ஒழிக்கப்பட்டது.

அன்றும் இன்றும் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை; அக்காவை யாரும் சாட்டையால் அடிக்கவில்லை. ஆனால் சம்பளம் கைக்கு வருமுன்பே அதற்கு வேறொருவர் உரிமையாளராக இருக்கும் ஏற்பாடு இந்த நாட்டில் பழையது. அண்மைக் காலத்தில்கூட, நீதிபதியின் கண்ணில் படாமலே நீதிமன்ற எழுத்தரின் கையெழுத்தில், கடனுக்காகச் சம்பளத்தைப் பிடிக்கும் ஆணைகள் வழங்கப்பட்டு வந்தன. ஸ்டெல்லென்போஷ் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையம் தொடுத்த வழக்கில், நீதித்துறையின் மேற்பார்வை இல்லாமல் அப்படிச் செய்யக்கூடாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் இப்படிப் பிடிக்கக்கூடாது என்று 2017 திருத்தச் சட்டம் வரம்பு கட்டியது. டெபிட் ஆர்டருக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை என்பதுதான் என் வருத்தம். அது நாமே கொடுத்த சம்மதமாகக் கருதப்படுகிறது.

சாட்ஸ்வர்த் ஓய்வூதியர் எழுதியது:

ஆசிரியர் சொன்னது சரி. நான் விட்டுவிட்ட இரண்டு விதிகளைத் தம்பி குறித்துக்கொள்ளவும். தவணை தவறிய பிறகு ஏறும் வட்டி, கட்டணம், வசூல் செலவு எல்லாம் சேர்ந்து, தவறிய நாளில் நிலுவையில் இருந்த அசலை மிஞ்சக்கூடாது. ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்த இந்த இரட்டிப்பு வரம்பு தேசியக் கடன் சட்டத்தின் 103ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது; நம் மனுதர்மத்திலும் இதைப் போன்ற வரம்பு உண்டு. மற்றது, துணிக்கடைக் கணக்கு பழையது என்றால் கடைசியாக எப்போது பணம் கட்டினார் என்று பாருங்கள். கடனை ஒப்புக்கொள்ளாமலும் பணம் கட்டாமலும், நீதிமன்ற அழைப்பாணை எதுவும் வராமலும் மூன்று ஆண்டு கழிந்திருந்தால் அது காலாவதி. 2015 மார்ச் முதல் அப்படிப்பட்ட கடனை வசூலிக்க முயல்வதே தவறு. மூன்று ஆண்டு முடியுமுன் "ஐம்பது ராண்ட் மட்டும் போடுங்கள்" என்று வசூல்காரர்கள் கெஞ்சுவது எதற்கென்றால், அந்த ஐம்பது ராண்ட் கணக்கை மறுபடி முதலிலிருந்து ஓடவைக்கும்.

பீனிக்ஸ்வாசி எழுதியது:

ஐயா, அம்மா, ஆசிரியர் அனைவருக்கும் நன்றி. நேற்று அக்காவோடு வங்கிக்குப் போய்ப் புதிய அட்டை வாங்கிவிட்டோம். மஷோனிசாவுக்கு அசல் 600ஐ மாமாவின் முன்னிலையில் கொடுத்தேன், முணுமுணுத்தார், வாங்கிக்கொண்டார்.

அக்கா பால்மாவு டப்பாவில் மடித்து வைத்திருந்த காகிதங்களில் இரண்டாவது ஒப்பந்தம் இருந்தது. ஐயா ஊகித்தபடியே தொடக்கக் கட்டணம் 1,050 என்று போட்டிருக்கிறார்கள். துணிக்கடைக் கணக்குக்குக் கடந்த பிப்ரவரிவரை கட்டியிருக்கிறார், ஆகவே அது காலாவதி இல்லை. முழுக் கணக்கையும், எந்த ஆதாரத்தில் கடன் கொடுத்தீர்கள் என்பதையும் கேட்டு மின்னஞ்சல் எழுதினோம். அக்காவே சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பதிவு பெற்ற கடன் ஆலோசகர் ஒருவர் டர்பன் நகரில் திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். பிரிக்காத கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உள்ளே போய் மூன்று உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்றிரவு உட்கார்ந்து மூன்றையும் பிரிக்கப் போகிறோம்.